கை கொடுக்கும் கருவி

வயதானவர்கள் விழாமல் இருக்க வீட்டிலேயே பயிற்சி செய்யலாம் என்று சொல்லிக் கடைகளில் எத்தனையோ கருவிகள் குவிந்திருக்கின்றன. அவற்றில் பல ஏன் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்கின்றன? ஆளுக்கேற்ப மாறும் சமநிலைக் கருவியை எப்படி வடிவமைப்பது?

அம்மா பலகையின் மேல் வலது காலை வைத்தார். பலகை சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்து தரையில் இடித்தது. பாதம் இன்னும் முழுதாகப் பதியவில்லை. அதற்குள் ஐந்து விரல்களும் மடங்கிப் பலகையைக் கவ்விக்கொண்டன. சேலைக் கொசுவம் பலகை விளிம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. நான் தோளைப் பிடித்து இறக்கிவிட்டேன்.

"வேண்டாங் கண்ணு. இது என்னைய இன்னொருக்காத் தள்ளியுட்டுரும்" என்றார்.

அம்மாவுக்கு 72 வயது. மூன்று வருடங்களுக்கு முன்பு, கோவையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தார். ஊன்றிய கையின் மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. எலும்பு கூடிவிட்டது, தைரியம் கூடவில்லை. கட்டுப் பிரித்த பிறகும் கூடத்தைக் கடக்கும்போது சுவரைத் தடவிக்கொண்டே போனார். மொட்டை மாடியில் வடகம் காயப்போடுவது நின்றது. வெள்ளிக்கிழமை கோயில் நின்றது. நடக்க நடக்கத்தான் கால் தெம்பாகும். பயந்து உட்கார்ந்துவிட்டால் கால் இன்னும் தளரும். அடுத்து விழுவதற்கு அதுவே காரணமாகிவிடும்.

அதைத் தடுக்கத்தான் இணையத்தில் தேடி அந்தப் பலகையை வாங்கினேன். வட்டமான பிளாஸ்டிக் தட்டு, அடியில் அரைப்பந்து. 'எல்லா வயதினருக்கும் ஏற்றது' என்று பெட்டியில் அச்சடித்திருந்தார்கள். அம்மா ஒரே ஒரு தடவை கால் வைத்ததோடு அது கட்டிலுக்கு அடியில் போனது. அடுத்த எட்டு மாதங்கள் அதன் மேல் தூசிதான் ஏறி நின்றது.

குறை அம்மாவிடம் இல்லை. அந்தப் பலகைக்கு ஒரே சாய்வு, ஒரே உயரம். பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. பதினெட்டு வயது கால்பந்து வீரனுக்கும் மணிக்கட்டு உடைந்து மீண்ட, எழுபதைத் தாண்டிய அம்மாவுக்கும் அது ஒன்றையேதான் கொடுக்கிறது.

ஒரு வழுக்கலின் விலை

உலகம் முழுவதும் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்ததால் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். மருத்துவரிடம் போயே ஆக வேண்டிய அளவுக்கு அடிபடுகிற விழுதல்கள் ஆண்டுக்கு 3.73 கோடி. மரணங்களில் 80 சதவீதத்துக்கு மேல் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் நிகழ்கின்றன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். நாடு முழுவதற்குமான அளவு 8.6 சதவீதம்தான். முதியவர்களின் பங்கு நம் மாநிலத்தில் கூடுதல். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிற வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. ஈரமான பின்கட்டும் வழவழப்பான டைல்ஸ் தரையும் அந்த வீடுகளில் அவர்களோடு இருக்கின்றன.

விழுவதை விதி என்று விட்டுவிட வேண்டியதில்லை. 2019இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, 108 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, உடற்பயிற்சி முதியவர்களின் விழுதல்களை 23 சதவீதம் குறைக்கிறது என்று கணக்கிட்டது. இதில் வெறும் நடைப்பயிற்சி போதாது. நிலைதடுமாற வைத்து, சமாளிக்கப் பழக்கும் பயிற்சி வேண்டும். சமநிலைக்கு நல்ல சவால் தரும் பயிற்சியை வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் செய்தவர்களிடம் பலன் 39 சதவீதம் வரை போனதை 2016இல் வந்த இன்னொரு மதிப்பாய்வு காட்டியது.

சவால் தர வேண்டும். ஆனால் விழவிடக் கூடாது. சமநிலைக் கருவி செய்கிற எவரும் தீர்க்க வேண்டிய கணக்கு இதுதான்.

காது, கண், கால்

நாம் நேராக நிற்பதற்கு உடம்பு மூன்று இடங்களிலிருந்து தகவல் திரட்டுகிறது. உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது உள்ளிருக்கும் திரவம் அசைந்து, எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று சொல்கிறது. அதற்குப் பக்கத்திலேயே நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் படிந்த இரண்டு பைகள். தலை சாய்ந்திருக்கிறதா, உடம்பு முன்னே போகிறதா என்பதை அவை உணர்த்துகின்றன. இரண்டாவது கண். மூன்றாவது, பாதத்தின் தோலிலும் கணுக்கால் மூட்டிலும் தசைகளிலும் உள்ள உணர்வு நரம்புகள். மூளைத்தண்டும் சிறுமூளையும் இந்த மூன்றையும் ஒப்பிட்டு, எந்தத் தசை எவ்வளவு இறுக வேண்டும் என்று நொடிக்கு நொடி உத்தரவு போடுகின்றன.

வயது கூடக்கூட மூன்றும் மங்குகின்றன. நம் ஊரில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு சொன்னது. நீரிழிவு பல ஆண்டுகள் நீடித்தால் பாத நரம்புகள் மரத்துப்போகலாம். கால் தரையைச் சரியாக உணராதபோது முழுச்சுமையும் கண் மேல் விழுகிறது. இரவில் விளக்குப் போடாமல் எழுந்து போகும்போது அந்தக் கண்ணும் கைவிட்டுவிடுகிறது.

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க் கவனித்தது இதைத்தான். கால்களைச் சேர்த்து வைத்து, கண்ணை மூடி நிற்கச் சொன்னால், கால் உணர்வு கெட்டவர் தள்ளாடிவிடுவார். இன்றைக்கும் எந்த நரம்பியல் மருத்துவரிடம் போனாலும் ரோம்பெர்க் சோதனை உண்டு.

இதிலிருந்து வடிவமைப்பாளர் தெரிந்துகொள்ள வேண்டியது: யாருக்கு எந்தத் தகவல் வழி மங்கியிருக்கிறதோ அவருக்கு வேண்டிய பயிற்சியும் வேறு. மெத்தென்ற பஞ்சின் மேல் நிற்பது பாதம் தரும் தகவலைக் குழப்பும். கண்ணை மூடினால் பார்வை விலகும். தலையைத் திருப்பினால் உட்காதுக்கு வேலை. ஒரே பலகை எல்லோருக்கும் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இது.

பலகை வந்த பாதை

ஆடும் பலகை முதியவர்களுக்காகப் பிறந்ததே இல்லை. 1965இல் லண்டனில் எலும்பு அறுவை மருத்துவர் மைக்கேல் ஃப்ரீமனும் அவருடைய சகாக்களும், கணுக்கால் சுளுக்கியவர்களுக்கு அடிக்கடி கால் பிசகுவது ஏன் என்று ஆராய்ந்தார்கள். மூட்டைப் பிணைக்கும் நார்களோடு அவற்றில் ஓடும் உணர்வு நரம்புகளும் அறுந்துபோவதே காரணம் என்று கருதி, அவர்களை ஆடும் பலகையில் நிற்கவைத்துப் பழக்கினார்கள். கால் பிசகுவது குறைந்தது. பலகை மருத்துவத்துக்குள் நுழைந்த வழி அது. அன்றைக்கு அதன் மேல் நின்ற கால், சுளுக்கியிருந்தாலும் மற்றபடி திடமான கால்.

ஏறக்குறைய அதே காலத்தில், 1963இல், இத்தாலியில் அக்விலினோ கோசானி என்ற பிளாஸ்டிக் உற்பத்தியாளர் பெரிய காற்றுப்பந்து ஒன்றை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தின் சூசன் கிளைன்-ஃபோகல்பாக் போன்ற பிசியோதெரபிஸ்ட்கள் அதைச் சிகிச்சைக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பந்தில் ஒரு நல்ல குணம் உண்டு. காற்றைக் கொஞ்சம் இறக்கினால் பந்து தரையில் அகலமாகப் படிந்து அடங்கி நிற்கும். காற்றை ஏற்றினால் ஆட்டம் கூடும். ஒரே பொருள், ஒரு பம்ப், பல நிலைகள். 1999இல் அமெரிக்காவில் டேவிட் வெக் உருவாக்கிய போசு என்ற அரைப்பந்தும் இதே வழியில் வந்தது.

பிறகு கணினிக் காலம். 2007 டிசம்பரில் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 'வீ ஃபிட்' விளையாட்டையும் அதற்கான பலகையையும் வெளியிட்டது. நான்கு மூலைகளிலும் எடை உணர்விகள். நிற்பவரின் பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தொலைக்காட்சித் திரையில் தெரியும். ஆய்வகத்தில் பெரும் விலை கொடுத்து வாங்கும் விசைத்தட்டுக்கு நெருக்கமான அளவுகளை இந்த விளையாட்டுப் பலகை தருகிறது என்று 2010இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பல நாடுகளில் மருத்துவமனைகள் அதை வாங்கின. அந்த விளையாட்டுப் பெட்டியின் காலம் முடிந்ததும் பலகையும் அதோடு ஓய்ந்தது. ஒரே நிறுவனத்தின் மென்பொருளை நம்பி நிற்கும் கருவிக்கு, அந்த மென்பொருளுக்கு உள்ள ஆயுள்தான்.

டுனெடினில் ஒரு சமையலறை

இத்தனை கருவிகளுக்கும் நடுவில், விழுவதைக் குறைத்ததாக வலுவாக நிரூபிக்கப்பட்ட ஒரு திட்டத்தில் ஆடும் பலகையே இல்லை. நியூசிலாந்தின் டுனெடின் நகரில், ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் ஜான் கேம்பெல், கிளேர் ராபர்ட்சன் குழுவினர் உருவாக்கிய ஒட்டாகோ பயிற்சித் திட்டம் அது. 80 வயதைத் தாண்டிய 233 பெண்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 1997இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. பின்னர் நான்கு சோதனைகளைச் சேர்த்து 1,016 பேரைக் கணக்கிட்டபோது, விழுதல்கள் 35 சதவீதம் குறைந்திருந்தன.

அவர்களுடைய கருவி, கணுக்காலில் கட்டும் எடைப்பட்டையும் சமையலறை மேடையும். மேடையைப் பிடித்துக்கொண்டு முட்டியை மடக்கி நிமிர்வது. ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டி வைத்து நிற்பது. பக்கவாட்டில் நடப்பது, பின்னோக்கி நடப்பது, குதிகாலில் நடப்பது. நாற்காலியிலிருந்து எழுவது. ஒவ்வொரு பயிற்சிக்கும் படிகள் உண்டு: முதலில் பிடித்துக்கொண்டு, அப்புறம் பிடிக்காமல், முதலில் பத்து விநாடி, அப்புறம் கூடுதல். யார் எந்தப் படியில் நிற்கிறார் என்று வீட்டுக்கே வந்து பார்த்து முடிவு செய்வார்கள். வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம்.

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் லிண்டி கிளெம்சன் இன்னும் ஒரு படி போனார். பயிற்சிக்கென்று தனி நேரமே வேண்டாம், பல் தேய்க்கும்போதும் பாத்திரம் எடுக்கும்போதும் செய்யலாம் என்றார். விழுந்து எழுந்த, 70 வயதைத் தாண்டிய 317 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2012இல் வந்தது. அன்றாட வேலையோடு பயிற்சியைக் கலந்தவர்களிடம் விழுதல் 31 சதவீதம் குறைந்திருந்தது.

இந்த இரண்டு திட்டங்களிலும் சாதனம் எளியது, படிகள்தான் நுட்பமானவை. அந்தப் படிகளைக் கருவிக்குள் கொண்டுவர முடிந்தால்தான் அது ஆளுக்கேற்ற கருவி.

விரல் நுனியின் பாடம்

எங்கள் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் இளம்பெண். கட்டிலுக்கு அடியில் இருந்த பலகையை இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே உள்ளே தள்ளினார். அம்மாவைச் சமையல் மேடைக்கு எதிரே நிறுத்தினார்.

"ரெண்டு கையும் மேடை மேல வைங்கம்மா. பயப்படாதீங்க. நான் பின்னாடி நிக்கிறேன்."

அம்மா ஒரு காலைத் தூக்கினார். மூன்று விநாடி. பிறகு ஐந்து. அடுத்த வாரம் ஒரு கை. அதற்கடுத்து உள்ளங்கையை எடுத்துவிட்டு விரல்கள் மட்டும். ஆறாவது வாரம் ஒரே ஒரு ஆள்காட்டி விரல், மேடையின் கருங்கல் விளிம்பில் தொட்டும் தொடாமலும்.

"இந்த ஒத்தை வெரலு என்னத்தத் தாங்கப் போகுது அம்மிணி?" என்று கேட்டார் அம்மா.

அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. 1994இல் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஜெக்கா, ஜேம்ஸ் லாக்னர் இருவரும் செய்த ஆய்வில், 100 கிராம் எடைக்கும் குறைவான அழுத்தத்தில் விரல் நுனி ஒரு பொருளைத் தொட்டிருந்தாலே உடம்பின் தள்ளாட்டம் வெகுவாகக் குறைவது தெரிந்தது. அந்த விரல் உடம்பைத் தாங்கவில்லை. உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்கிறது. மரத்துப்போன பாதம் தராத செய்தியை விரல் தருகிறது.

இதை அறிந்த பிறகு கருவியைப் பற்றிய என் எண்ணமே மாறிவிட்டது. சமநிலைக் கருவியின் உயிர் ஆடும் பலகையில் இல்லை, கைப்பிடியில் இருக்கிறது. இரண்டு கை, ஒரு கை, ஐந்து விரல், ஒரு விரல், வெறுங்கை என்று படிப்படியாகப் பிடியைக் கொடுக்கவும், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் தெரிந்த கருவியே நல்ல கருவி. பிடியே தராவிட்டால் பயமுறுத்தும். கடைசிவரை விடாமல் பிடிக்கவைத்தால் எதையும் கற்றுத்தராது. கடையில் கிடைக்கும் பெரும்பாலான பலகைகளில் கைப்பிடி என்ற பேச்சே இல்லை.

பட்டறையில் ஒரு மாலை

கோவையில் எதையும் செய்து பார்க்க ஆள் உண்டு. எங்கள் தெருமுனையில் ஒரு ஆசாரி. அடுத்த சந்தில் ஒரு வெல்டிங் பட்டறை. பிசியோதெரபிஸ்ட் சொன்ன குறிப்புகளோடு இருவரிடமும் போனேன்.

ஆசாரி வீட்டுக்கு வந்தார். முதல் வேலையாக டேப்பை எடுத்து, செருப்பில்லாமல் நிற்கும் அம்மாவின் தொங்கும் கையில், மணிக்கட்டு மடிப்புக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்தார். 71 செ.மீ.

"ஊன்றுகோல் செய்யறப்பவும் இப்படித்தானுங்க ஆத்தா அளப்போம்" என்றார்.

அதே உயரம்தான் கைப்பிடிக்கும். அப்போது முழங்கை லேசாக மடங்கி, தோள் தூக்காமல் நிற்கும். பேரன் ஏறினால் பத்து, பதினைந்து செ.மீ. உயர்த்த வேண்டும். அதற்காக நடைச்சட்டத்தில் இருப்பதைப் போலவே பைப்புக்குள் பைப், 2.5 செ.மீ.க்கு ஒரு துளை, நடுவில் ஒரு பின். கைப்பிடிக் கம்பியைச் சுற்றிப் பிடித்தால் விரல்கள் நன்றாக வளைந்து இறுக வேண்டும். தடித்த பைப்பைச் சிறிய கை பிடிக்க முடியாது.

அந்தப் பிடி பலகையோடு சேர்ந்து சாய்ந்துவிடக் கூடாது. வெல்டர் சொன்ன வழி எளியது. மூன்று பக்கமும் சூழ்ந்த சட்டத்தின் அடிப்பகுதியில் ஒரு தகடு. பலகை அந்தத் தகட்டின் மேல்தான் வைக்கப்படும். நிற்பவரின் எடையே சட்டத்தைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். சாதாரண நடைச்சட்டத்தை எதிரே வைத்துக்கொண்டு பலகையில் ஏறினால், இழுத்த இழுப்பில் சட்டமும் ஆளும் சேர்ந்து சாய வாய்ப்பு உண்டு.

பலகை 18 மி.மீ. ப்ளைவுட், 45 செ.மீ. சதுரம். மேலே ரப்பர் ஷீட். அடியில் நடுக்கோட்டில் ஒரே ஒரு ரீப்பர் கட்டை. அது இரண்டு பக்கம் மட்டும் சாயும், நாலாபுறமும் சுழலாது. பலகையை அப்படியே கால் வட்டம் திருப்பி வைத்தால் இடவலச் சாய்வு முன்பின் சாய்வாகிவிடும். ஒரு பலகையில் இரண்டு பயிற்சி.

ரீப்பரில்தான் படிகள் இருக்கின்றன. 1.5 செ.மீ. உயரக் கட்டையைப் பூட்டினால் பலகை சுமார் 4 டிகிரி சாயும். 3 செ.மீ. கட்டைக்குச் சுமார் 8 டிகிரி. 5 செ.மீ. கட்டைக்குச் சுமார் 13 டிகிரி. இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டினால் படி மாறிவிடும். முதல் கட்டையின் அடியை உருட்டாமல், நான்கு செ.மீ. அகலத்துக்குத் தட்டையாக விட்டார் ஆசாரி. நான் ஏன் என்று கேட்டேன். அவர் இழைப்புளியை வைத்துவிட்டு, தட்டைக் கட்டை பூட்டிய பலகையை விரலால் அழுத்திக் காட்டினார். விட்டதும் அது தானாகச் சமமாகி நின்றது.

"மொதல்ல அவங்க மேல ஏறி மூச்சு வாங்கி நிக்கோணுமுங்க. அப்பறமா ஆட்டலாம்" என்றார்.

எந்தப் பொறியியல் நூலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்காது. கட்டை அகலமாகவும் தட்டையாகவும் இருந்தால் பலகை ஓய்வு நிலைக்குத் திரும்பும். குறுகி உருண்டையானால் ஓய்வே தராது. கடையில் வாங்கிய பலகை முதல் நொடியிலேயே அம்மாவைச் சாய்த்ததற்குக் காரணம் அந்த ஓய்வு நிலை இல்லாததுதான்.

சேலைக்கும் ஒரு வழி செய்தோம். பலகையின் நான்கு விளிம்புகளையும் இழைத்து உருட்டினார் ஆசாரி. பயிற்சியின்போது சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொள்வது என்று அம்மா முடிவு செய்தார். கண்புரை லேசாக இருப்பதால் விளிம்பு தெரிய மஞ்சள் டேப் ஒட்டினோம்.

மெத்தென்ற தளத்துக்கு ஃபோம் தட்டுகள் தனியாக. பழைய மெத்தைப் பஞ்சு உதவாது. காலுக்கடியில் நசுங்கித் தரையைத் தொட்டுவிடும். உடற்பயிற்சிப் பாய்களில் உள்ளதைப் போன்ற அழுத்தமான ஃபோம் வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு ஆட்டம் காட்டும் தட்டு, 80 கிலோ எடையுள்ளவருக்குக் கீழே அமுங்கிக் கல்லாகிவிடும். அதனால் மெல்லிய தட்டுகளாக வைத்துக்கொண்டு, ஆளின் எடைக்குத் தக்கபடி ஒன்றோ இரண்டோ மூன்றோ அடுக்குவது நல்லது.

பிடி, பாதங்களுக்கு இடையிலான அகலம், தளத்தின் மென்மை, சாய்வு, கண் திறப்பதும் மூடுவதும்: இந்த ஐந்தையும் தனித்தனியாகக் கூட்டவோ குறைக்கவோ முடிய வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கடினமாக்க வேண்டும். பெரிய கட்டைக்குப் போகும் நாளில் மறுபடி இரண்டு கையாலும் பிடிக்கலாம். கண்ணை மூடிப் பார்க்கும் நாளில் பலகையே வேண்டாம், தரை போதும்.

அளவெடுத்துச் செய்தவர்கள்

அளவெடுத்துத் தைக்கும் இந்த எண்ணத்துக்கு உலகில் நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள். மெக்சிகோவின் அஹோயா என்ற மலைக்கிராமத்தில், மாற்றுத்திறனாளிகளே நடத்திய புரொஹீமோ மையத்தின் அனுபவத்திலிருந்து டேவிட் வெர்னர் 1987இல் ஒரு பெரிய கையேடு எழுதினார். ஊரில் கிடைக்கும் மரக்கொம்பையும் பழைய டயரையும் வைத்து ஒரு குழந்தைக்கு வேண்டிய சாதனத்தை எப்படிச் செய்வது என்று படம் போட்டுக் காட்டும் நூல் அது. ஜிம்பாப்வேயில் பெவில் பேக்கர், பழைய அட்டையையும் தாளையும் மாவுப்பசையால் ஒட்டி ஆள் உட்காரும் நாற்காலியே செய்யலாம் என்று கற்றுக்கொடுத்தார். நியூயார்க்கில் தடித்த அட்டையால் குழந்தைக்குக் குழந்தை அளவெடுத்து இருக்கை செய்துதந்த அலெக்ஸ் ட்ரூஸ்டெல்லுக்கு 2015இல் மெக்கார்தர் நல்கை கிடைத்தது.

சென்னையிலும் அந்தப் பணி நடக்கிறது. ஐஐடி மெட்ராஸில் சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமையிலான டிடிகே மறுவாழ்வு ஆய்வு மையம், உட்கார்ந்தவரை எழுந்து நிற்கவைக்கும் 'அரைஸ்' சக்கர நாற்காலியை 2019இல் வெளியிட்டது. அங்கிருந்து வந்த 'நியோஃபிளை' சக்கர நாற்காலி, பயன்படுத்துபவரின் உடல் அளவுக்கேற்பச் செய்துதரப்படுகிறது. சக்கர நாற்காலிக்கு அளவெடுக்க முடியும் என்றால் சமநிலைச் சட்டத்துக்கும் முடியும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பிசியோதெரபியும் ஒரு அங்கம். வீட்டுக்குள் வந்து பார்ப்பவருக்குத்தான் அந்த வீட்டின் தரையும் திண்ணையும் பின்கட்டும் தெரியும். அவர் கையில் மூன்று கட்டைகளும் ஒரு பலகையும் உயரம் மாற்றும் சட்டமும் இருந்தால், கிராமத்துப் பாட்டிக்கும் அவரவர் அளவில் பயிற்சி கிடைக்கும். பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இதைவிட நல்ல செய்முறைத் திட்டம் இருக்க முடியாது.

உங்கள் நிலை என்ன?

பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு, மேடைக்கு எதிரே நின்று செய்யுங்கள். ஒவ்வொன்றும் 10 விநாடி.

1. இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து நிற்பது.
2. ஒரு பாதத்தைச் சற்று முன்னே நகர்த்தி, அதன் உட்பக்கம் மற்றப் பாதத்தின் பெருவிரலை ஒட்டுமாறு நிற்பது.
3. ஒரு பாதத்தின் குதிகால் மற்றப் பாதத்தின் விரல்களைத் தொடும்படி நேர்க்கோட்டில் நிற்பது.
4. ஒற்றைக் காலில் நிற்பது.

மூன்றாவது நிலையில் 10 விநாடி நிற்க முடியாத முதியவருக்கு விழும் அபாயம் கூடுதல் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். பலகைக்கு அவசரப்படாமல் மேடையிலிருந்து தொடங்குங்கள்.

வாங்கும் முன், செய்யும் முன்

1. கைப்பிடி உண்டா? அதன் உயரத்தை மாற்ற முடியுமா?
2. பிடித்து இழுத்தாலும் சாயாமல் நிற்கிறதா?
3. ஏறும் உயரம் எவ்வளவு? முதல் படி ஒரு கட்டைவிரல் நீளத்துக்குள் இருந்தால் நல்லது.
4. சாய்வைக் கூட்டவோ குறைக்கவோ முடியுமா?
5. ஈரக்காலோடு நின்றாலும் வழுக்காத மேற்பரப்பா?
6. விளிம்பு கண்ணுக்குத் தெரிகிறதா? சேலையோ வேட்டியோ மாட்டுமா?
7. பயன்படுத்துபவரே தூக்கி ஓரமாக வைக்க முடியுமா?

தலைசுற்றல், எழுந்தவுடன் கண் இருட்டுவது, அண்மையில் எலும்பு முறிவு, பாதத்தில் ஆறாத புண் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் எந்தப் பலகையிலும் ஏறக் கூடாது. தனியாக இருக்கும் நேரத்தில் யாருமே புதிய படிக்குப் போக வேண்டாம்.

இப்போது அம்மா

சட்டம் வீட்டுக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. வாரத்துக்கு மூன்று நாள் மாலையில், விளக்கு வைத்த பிறகு, அம்மா சட்டத்துக்குள் போய் நிற்கிறார். முதல் கட்டையைத் தாண்டி இரண்டாவது கட்டைக்கு வந்துவிட்டார். ஆள்காட்டி விரல் கம்பியைத் தொட்டிருக்கும். மற்ற நான்கு விரல்களும் காற்றில். பாத விரல்கள் இப்போது பலகையைக் கவ்வுவதில்லை, தட்டையாகப் படிந்திருக்கின்றன. ஒரு நிமிடம் நிற்கிறார். மூன்றாவது கட்டையை அம்மா இன்னும் தொடவில்லை. அது அவருக்கு என்றைக்குமே தேவைப்படாமல் போகலாம். கணுக்கால் சுளுக்கி வந்த பேரன் அதைப் பூட்டிக்கொண்டு பயிற்சி செய்கிறான்.

இந்த மாசியில் அம்மா மாடிப்படி ஏறி வடகம் பிழிந்தார். கைப்பிடிச் சுவரை ஒரு விரலால் தொட்டுக்கொண்டே ஏறினார். இறங்கும்போதும் அப்படியே.

வெளியூரிலிருந்து பெற்றோருக்குக் கருவி வாங்கி அனுப்ப நினைக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வேண்டுகோள். பெட்டியில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். அம்மாவை, அப்பாவைச் செருப்பில்லாமல் நேராக நிற்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் பிடி தராத எதையும் வாங்காதீர்கள்.